செகண்ட் ஹேண்ட் டீசல் எஸ்யூவி, டிபிஎஃப் லைட் தொல்லை

வேளச்சேரிவாசி:
2021 மாடல் பிஎஸ்6 டீசல், சின்ன எஸ்யூவிதான், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், ஓட்ட சூப்பரா இருக்கு ஆனா டிபிஎஃப் (டீசல் புகைல வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) லைட் அடிக்கடி வருது, தினமும் கிண்டி ஆபீஸ் போயிட்டு வர்றதோட சரி, ஏன் பாஸ்?

டீசல்பிரியன்:
அதான் காரணமே. ஃபில்டர்ல சேர்ற கரி எரியணும்னா சைலன்சர் பக்கம் நல்ல சூடு ஏறணும், கிண்டி டிராஃபிக்ல எங்க ஏறும்? ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஒரே சீரா விடுங்க. அப்பவும் போகலைன்னா சர்வீஸ்ல காட்டிடுங்க. இந்த ரூட்டுக்கு பெட்ரோல் வண்டியே போதும், சரி விடுங்க.

ஓஎம்ஆர்காரன்:
2023 மிக்ஜாம் புயல் தண்ணில நின்ன வண்டியான்னும் பாத்துக்கங்க, சீட் பெல்ட்ட கடைசி வரை இழுத்தா சேத்துக்கறை தெரியும்.

வேளச்சேரிவாசி:
இழுத்துப் பாத்தேன், க்ளீன். இன்சூரன்ஸ்?

டீசல்பிரியன்:
வாங்கின 14 நாளுக்குள்ள பேர் மாத்த எழுதிக் குடுத்துடணும் ப்ரோ.