மெகாகேரியோசைட்டுக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மீ. எழுதியது:
வணக்கம். பச்சிளங்குழந்தை வார்டில் பயிற்சி எடுக்கும் செவிலிய மாணவிகளுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளேட்லெட்டுக்குத் தட்டணு என்று போட்டுவிட்டேன், டெங்கு புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல். மஜ்ஜையில் அதை உண்டாக்கும் மெகாகேரியோசைட்டுக்கும், அதைத் தூண்டும் திராம்போபாய்ட்டினுக்கும்தான் சொல் இல்லை.

புலவர் க. எழுதியது:
மெகா பெரிது, கேரியோ கரு, சைட் அணு. பெருங்கருவணு, முடிந்தது. ஆனால் தட்டணு கூடாது. அது முழு உயிரணு அல்ல, கருவே இல்லாத துணுக்கு. குருதித்தட்டு என்க. 'குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே' என்பது தொல்காப்பியம். குரு நிறம், அதனின்று குருதி. வடசொல்லான 'ரத்தம்' எதற்கு?

சி. எழுதியது:
எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில் குருதிச் சிறுதட்டு என்றுதான் படித்தோம், ஒருவரும் தடுமாறவில்லை. அது சரி, அணு வடசொல் என்று போன மாதம் சண்டை பிடித்த புலவர் ஐயா, பெருங்கருவணுவில் மட்டும் விட்டுவிட்டாரே?

டாக்டர் இரா. எழுதியது:
பெருங்கரு இந்தப் பாடத்துக்கே ஒத்துவராது. பெரியவர்களில் இந்த உயிரணு பிளவுபடாமலே டிஎன்ஏவை இரட்டித்துக்கொண்டு போகும். சாதாரண உயிரணுவில் 2 தொகுதி என்றால் இதில் பெரும்பாலும் 16. பிறந்த குழந்தையில் பெரும்பாலானவை 2, 4-லேயே நின்றுவிடும். உருவமும் சிறிது, ஒவ்வொன்றும் தரும் தட்டும் குறைவு. முன்னோடி உயிரணுக்கள் வேகமாகப் பெருகி ஈடுகட்டுவதால்தான் நலமான குழந்தைக்கு மைக்ரோலிட்டருக்கு 1,50,000-க்குக் குறையாமல் இருக்கிறது. கிருமித்தொற்று வந்து தட்டுகள் வேகமாக அழியும்போது பெரியவர்களின் மஜ்ஜை உயிரணுவைப் பெரிதாக்கிச் சமாளிக்கும். குறைமாதக் குழந்தையால் அது முடிவதில்லை, எண்ணிக்கை சட்டென்று விழும். "பெருங்கருவணு சிறியதாக இருக்கும்" என்று மாணவிக்கு எப்படிச் சொல்வது? செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுங்கள். தட்டு + ஈனி, தட்டீனி.

மீ. எழுதியது:
டாக்டர், வகுப்பில் தட்டீனி என்றால் தட்டில் தீனி என்றுதான் காதில் விழும். சிரிப்பை அடக்கவே கால்மணி நேரம் ஆகும்.

புலவர் க. எழுதியது:
சிரிக்கட்டும், புணர்ச்சியில் பிழையில்லை. பொருளில்தான் ஐயம். 'ஈன்று புறந்தருதல்' என்றால் ஈன்றவள் இருந்து வளர்க்க வேண்டும். இது தன் உடலையே இழையிழையாக இரத்தக்குழாய்க்குள் நீட்டி, அந்த இழைகள் உடைந்துதானே தட்டாகிறது?

டாக்டர் இரா. எழுதியது:
ஆமாம், கடைசியில் வெறும் கரு மிஞ்சும், அதையும் விழுங்கணுக்கள் தின்றுவிடும். வாழையும் ஈனுகிறது என்றுதானே ஐயா சொல்கிறோம்? குலை தள்ளியபின் அந்த மரம் இருக்கிறதா?

புலவர் க. எழுதியது:
வாழையை ஒப்புக்கொள்கிறேன். தட்டீனியை இன்னும் இல்லை. திராம்போபாய்ட்டினுக்குத் தட்டாக்கி சரிதானே?

டாக்டர் இரா. எழுதியது:
அது ஆக்குவதில்லை ஐயா, தூண்டுகிறது. பெரும்பாலும் கல்லீரலில் சுரக்கிறது. தட்டுகளே அதைப் பிடித்து உள்ளிழுத்து அகற்றிவிடும். தட்டு குறைந்தால் பிடிக்க ஆளில்லாமல் இரத்தத்தில் அதன் அளவு ஏறும், மஜ்ஜைக்கு உத்தரவு போகும். தட்டூக்கி என்று வையுங்கள்.

சி. எழுதியது:
வினையூக்கி மாதிரி. நல்லா இருக்கு. ஆனால் தட்டூக்கி என்று மட்டும் போட்டால் ஏதோ மருந்து என்று நினைப்பார்கள், கூடவே 'இயக்குநீர்' (ஹார்மோன்) என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

மீ. எழுதியது:
நேரமில்லை, இப்படி அனுப்புகிறேன்: பாடத்துக்குள் மெகாகேரியோசைட், முதல் இடத்தில் மட்டும் 'தட்டீனி எனும்'. தட்டூக்கி இயக்குநீர் போகிறது. தட்டணு அப்படியே. வார்டில் தாய்மார் கேட்கிற சொல் அதுதான், மாற்ற மாட்டேன்.

புலவர் க. எழுதியது:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், தலைப்பில் 'குறைப்பிரசவக் குழந்தை' என்று பார்த்தேன். மகப்பேறு மருத்துவமனை என்று பலகை தொங்கும் ஊரில் குறைப்பேறு என்று எழுத என்ன தடை?

டாக்டர் இரா. எழுதியது:
37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம், அவ்வளவுதான். இதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள் ஐயா, மீ. அச்சகத்துக்குப் போகட்டும்.