புதுப்பிப்பு: கட்டமைப்பு மேலாண்மைத் தேடலின் தாமதம் தீர்ந்தது

சர்வர்களின் கட்டமைப்பு விவரங்களைத் தேடினால் விடை வர யுகமாகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிரச்சினை தீர்ந்துவிட்டது! விவரங்களைச் சேமித்துள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், ஒரு தேடல் எப்படி நடக்கிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளையை ஓட்டியதும் காரணம் பிடிபட்டது: ஒவ்வொரு தேடலுக்கும் அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது. சர்வர் பண்பின் பெயர், அதன் மதிப்பு இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் (வேண்டிய வரியை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் அகரவரிசைப் பட்டியல் போன்றது) அமைத்தேன். இதில் வரிசை மிக முக்கியம். பெயரைக் கொடுக்காமல் மதிப்பை மட்டும் தேடினால் பொதுவாகப் பெரிய பலன் இருக்காது.

சர்வர் பெயரின் நடுவில் வரும் எழுத்துகளைத் தேடுவதற்குச் சாதாரண பி-ட்ரீ (போஸ்ட்கிரெஸின் வழக்கமான இண்டெக்ஸ் வகை) கைகொடுக்காது. சொற்களை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தேட உதவும் பிஜி_டிஆர்ஜிஎம் நீட்சியை நிறுவி, அந்தத் துண்டுகளுக்கு ஜின் என்ற வகை இண்டெக்ஸ் போட்ட பிறகே அதற்கும் விடை சட்டென்று வந்தது.

இண்டெக்ஸ்களை உருவாக்கும் கட்டளையில் 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேர்த்ததால் புதிய பதிவுகள் தடைபடவில்லை. ஆனால், அந்தக் கட்டளை பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி முயல்வது நல்லது.