பென்ஷன் வருகிற பட்டாளத்து அண்ணனை எப்படி வரவேற்பது?

விகேபுரம் தம்பி:

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இந்த மாதக் கடைசித் தேதியோடு ராணுவத்திலிருந்து பென்ஷன் வருகிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட். பிளஸ் டூ முடித்த கையோடு போனவர், வயது இன்னும் நாற்பது ஆகவில்லை. ஊட்டி பக்கம் வெலிங்டனில் இருக்கிற ரெஜிமென்ட் சென்டரில் பேப்பர் வேலையெல்லாம் முடித்துவிட்டு வருவாராம். தெருப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. அம்பை ஸ்டேஷனிலிருந்து திறந்த ஜீப், செண்டை மேளம், பத்தாயிரம் வாலா, முச்சந்தியில் பிளெக்ஸ். பிளெக்ஸ் டிசைன்கூட வந்துவிட்டது. பின்னால் பீரங்கி, மேலே பாயும் புலி, நடுவில் அவர், கீழே வரிசையாக நாங்கள். அவர் முகத்தைவிட எங்கள் முகங்கள்தான் பெரிதாக இருக்கின்றன.

போனில் சொன்னபோது "எதுக்குலே இதெல்லாம்?" என்று சிரித்தார். கூச்சத்தில் சொல்கிறாரா, நிஜமாகவே வேண்டாம் என்கிறாரா, பிடிபடவில்லை. வசூலான பணம் என் கையில் இருக்கிறது. மரியாதையாகவும் இருக்க வேண்டும், அவருக்குச் சங்கடமும் வரக்கூடாது. பட்டாளத்தில் இருந்தவர்கள், வீட்டில் பட்டாளத்துக்காரர் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை சுபேதார்:

தம்பி, நான் நாயிப் சுபேதாராக வெளியே வந்தவன். அதே ரெஜிமென்ட்தான்.

மேளம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கொடை நடக்கிற நாளில் எல்லாம் எங்கேயோ பனியில் நின்றவர், ஒரு நாள் அவருக்காக மேளம் அடித்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இதை அவரிடம் கேட்காதீர்கள், அவர் அப்படித்தான் சிரிப்பார். வீட்டுக்குப் போய் அவர் அம்மாவிடமும் சம்சாரத்திடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

பத்தாயிரம் வாலாவை மட்டும் விசாரிக்காமல் கொளுத்தாதீர்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை, சிலருக்கு எதிர்பாராத வெடிச்சத்தம் ஆகாது. நான் இன்றைக்கும் தீபாவளி சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போய்விடுகிறவன். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா வாக்கிங் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

பிளெக்ஸில் யூனிட் நம்பர், கடைசியாக எங்கே போஸ்டிங் என்பதெல்லாம் போடாதீர்கள். எப்படியும் ஃபேஸ்புக்கில் ஏற்றுவீர்கள். இவர் வந்துவிட்டார், இவர் கூட்டாளிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். புலியையும் எடுத்துவிடுங்கள். எங்கள் சின்னத்தில் இருப்பது யானை, 1803இல் நடந்த அசாயே சண்டைக்காகக் கிடைத்தது. வரவேற்கிறவர்கள் பட்டாள உடுப்பு மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து வேண்டாம். அந்த உடுப்புக்கு அவர் பட்ட பாடு வேறு.

அடுத்தது கோட்டா, அதாவது ராணுவக் கேன்டீனில் அவருக்கென்று கொடுக்கிற சரக்கு. காலையில் மாலை போட்டவனே சாயங்காலம் "அண்ணாச்சி, கேன்டீன் ரம் ஒண்ணு கிடைக்குமா?" என்று வந்து நிற்பான். இல்லை என்று சொன்னால் 'பெரிய மிலிட்டரி' என்று பேச்சு. அது அவர் உபயோகத்துக்குக் கொடுப்பது. வெளியே கை மாறினால் கேன்டீன் கார்டுக்கே ஆபத்து. உங்கள் குழுவில் முதலில் இதைச் சொல்லி வையுங்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்ற கேள்வியையும் சேர்த்து. பதில் இருக்கிறவன் சொல்ல மாட்டான், சொல்கிறவனிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

இனி உருப்படியான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பென்ஷனில் அரிசி பருப்பு ஓடும், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கக் காணாது. அதனால் வந்த மறுமாதமே வேலை தேடுவார். அதற்கு முன்னால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்க வேண்டும். மருத்துவத்துக்கு ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும், அந்தத் திட்டம் 2003இலிருந்து நடக்கிறது. பென்ஷன் கணக்கு இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளத்தில். வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றும் அதில்தான் ஏற வேண்டும். கணினி தெரிந்த பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் அவர் கையை விட்டுப் போகக்கூடாது. பென்ஷன்காரர்களைக் குறிவைத்துப் போன் செய்கிற கும்பல் ஏகப்பட்டது.

வேலை என்றால் எல்லாரும் ஏ.டி.எம். வாசலைத்தான் காட்டுவார்கள். முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ கழகம் வழியாகவும் பெரும்பாலும் காவல் வேலைதான் வரும். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் பல வருஷம் வண்டி, வயர்லெஸ், ஸ்டோர் என்று பார்த்த மனிதனிடம் உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதே இல்லை. நீங்கள் கேளுங்கள். ஊரில் ஒர்க்‌ஷாப், மில், பள்ளிக்கூடம் வைத்திருப்பவர்களிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யுங்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அவர் வயல் வரப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கும். லீவில் வரும்போது தகராறு வேண்டாமென்று விட்டிருப்பார். சர்வேயர் சங்கிலி போடுகிற அன்றைக்குத் தெருக்காரர்கள் நாலு பேர் சாட்சிக்குப் போய் நில்லுங்கள். ஜீப் ஊர்வலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி வந்தாலே போதும்.

ராதாபுரம் மதினி:

அண்ணாச்சி சொன்னது வந்த பிறகு. நான் வராத ஆளின் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார், வடகிழக்கில்.

டிவியில் ஏதாவது செய்தி ஓடினால் உடனே வாசலில் ஆள் வந்துவிடும். "உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்காரு?" எனக்கே தெரியாததை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? போன் எடுக்காத ராத்திரியில் அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எங்கள் எதிர்வீட்டு ஆச்சி மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார். வந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். அது போதும். மோட்டார் காயில் கருகிய அன்று மெக்கானிக்கைக் கூட்டி வந்ததும், சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி ஆட்டோ எடுத்ததும் ஆச்சியின் மகன்தான். அவர் பிளெக்ஸில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, தற்செயல் லீவு 30 நாள். கேட்க நிறையத்தான். ரயிலிலேயே நாள் போகும், மிச்சத்துக்குக் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு என்று ஊரே பத்திரிகையோடு நிற்கும். வந்த முதல் நாலைந்து நாள் அவரை வீட்டில் விடுங்கள். பிள்ளை அப்பாவிடம் பழகவே அவ்வளவு நாள் ஆகிறது.

ஏதாவது அனுப்ப ஆசைப்பட்டால் தபால் ஆபீஸ்தான் வழி. முகவரியில் ஊர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர்தான் இருக்கும், பின்கோடு 9இல் தொடங்கும். தனியார் கூரியர் அங்கே போகாது. அல்வா அனுப்பாதீர்கள், நெய் கசிந்து பெட்டி ஊறிவிடும். கருப்பட்டி, கைமுறுக்கு, பருப்புப்பொடி நன்றாகப் போய்ச் சேரும். பருப்புப்பொடி இவர் வாய்க்குப் போகிறதா என்பது சந்தேகம், பஞ்சாபிக்காரர்கள் சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிடுகிறார்களாம்.

வள்ளியூர் கடைக்காரன்:

நம்ம ஊர் ஆட்கள் அங்கே போவது மட்டும்தானா? இங்கே வந்து கிடப்பவர்கள் இல்லையா? விஜயநாராயணத்தில் 1990இலிருந்து ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது, கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக்கு இங்கிருந்துதான் சேதி போகிறது. அந்தப் பிள்ளைகள் பீகார், ராஜஸ்தான், ஒடிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறார்கள். இந்தி பேசுகிறான் என்று ஆட்டோவில் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். வாடகை வீடு கேட்டால் அட்வான்ஸ் ஏறுகிறது. நியாய விலை சொன்னாலே பெரிய மரியாதைதான் அண்ணாச்சி. நான் கடையில் கடுகெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், வியாபாரமும் ஓடுகிறது. அந்தத் தளத்து டவர் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துப் போடுகிற பையன்களை யாராவது கொஞ்சம் கண்டியுங்கள்.

விகேபுரம் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் வீட்டில் கேட்டாயிற்று. மேளம் சரி, வெடி வேண்டாம், பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம் என்றார்கள். சர்வேயர் விஷயத்தை நான் கேட்டதும் அவர் அம்மா அழுதுவிட்டார். அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

ஒரு சிக்கல். கீழத்தெருவில் சி.ஆர்.பி.எஃப்.இல் இருந்து வந்த மாமா ஒருவர் இருக்கிறார். "நான் வந்தப்போ ஏம்லே ஒரு தப்புகூட அடிக்கல?" என்கிறார். அப்புறம் மிஞ்சுகிற பணத்தை என்ன செய்வது?

கல்லிடை சுபேதார்:

மாமா கேட்டது நியாயம். அவரையும் ஜீப்பில் ஏற்றுங்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாம் உள்துறைக்குக் கீழே வருபவை. அதனால் நமக்குக் கிடைக்கிற முன்னாள் படைவீரர் அந்தஸ்து, ஈ.சி.எச்.எஸ். எதுவும் அவர்களுக்கு இல்லை. பழைய பென்ஷனுக்கே வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். 2019இல் காஷ்மீர் புல்வாமா குண்டுவெடிப்பில் போன 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். ஆட்கள்தான், அதில் ஒரு பிள்ளை நம்ம கோவில்பட்டி பக்கம் சவலாப்பேரி. அப்படி உயிர் விட்டவர்கள் குடும்பத்துக்குக் கொடுக்க நினைத்தால் 'பாரத் கே வீர்' என்று உள்துறையின் தளம் இருக்கிறது, 2017இல் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

மிச்சப் பணத்தைப் படைவீரர் கொடி நாள் நிதியில் போடுங்கள். டிசம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியதில்லை, நான் முதலில் சொன்ன நல அலுவலகத்திலேயே விசாரித்துக் கட்டலாம். அண்ணன் பதிவு செய்யப் போகிற அன்று கூடவே போய்விடுங்கள், ஒரே பஸ் செலவு. ரசீது கேட்டு வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், வசூல் பண்ணியது நீங்கள்தானே.