செய்தியில் இருப்பது சார்பா, கோட்டமா, ஓரமா? அவசரமாக ஒரு கலைச்சொல் வேண்டும்

தே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

செய்தியை ஆராய்ந்து படிப்பது எப்படி என்று மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போயாக வேண்டும். சட்டகம் (செய்தியை எந்தக் கோணத்தில் காட்டுவது), நிகழ்ச்சிநிரல் அமைத்தல் (மக்கள் எதைப் பற்றி நினைப்பது என்று ஊடகம் தீர்மானிப்பது), வாயிற்காப்பு (எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று தேர்வது) என்று மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிட்டேன். அத்தியாயத் தலைப்பிலேயே நிற்கும் ஆங்கிலச் சொல் 'பயஸ்' (bias, ஒரு பக்கமாகத் திரிந்திருப்பது) மட்டும் வழிவிட மாட்டேன் என்கிறது.

எந்தச் செய்தியை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வில் வருவதையும் நூல் அப்படித்தான் அழைக்கிறது. எடுத்த செய்தியை எழுதும் சொல்லில் வருவதையும் அப்படித்தான். எழுதுகிறவர் மனத்தில் இருப்பதற்கும் அதே சொல். கடைசியாக, வாசிப்பவர் மனத்தில் இருப்பதற்கும் அதே. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வகுப்பில் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

'பாரபட்சம்' போட்டுப் பார்த்தேன். அது தெரிந்தே செய்வது. குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. செய்தியில் தெரியாமல் நேர்வதும் நிறைய உண்டே.

நி. எழுதியது:

சார்பு. மூன்றே எழுத்து, எல்லோருக்கும் தெரியும். சார்புள்ள, சார்பற்ற என்று எப்படி வேண்டுமானாலும் வரும். அது பிடிக்காவிட்டால் சாய்வு. வெள்ளிக்கிழமைக்கு இது போதும் அம்மா.

வ.சே. எழுதியது:

போதாது. தே. அம்மையாரின் மாணவர் காலையில் கணக்கு வகுப்பில் 'உறவுகளும் சார்புகளும்' படித்துவிட்டு வருகிறார். அங்கே சார்பு என்றால் ஒரு மதிப்புக்கு ஒரே மதிப்பைத் தரும் தொடர்பு. அடுத்த மணி இலக்கணத்தில் சார்பெழுத்து. மதியம் ஊடகப் பாடத்தில் அதே சொல் குற்றமாகிவிடுகிறது. சார்தல் என்பது ஒன்றை அண்டி நிற்பது. அதில் பிழை என்ற பொருளே இல்லை. 'மாணவர்கள் சார்பாக' ஒருவர் பேசினால் அவரைக் குறை சொல்கிறோமா?

சாய்வும் ஆகாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' (குறள் 118). பரிமேலழகர் இங்கே 'முன்னே தான் சமனாக நின்று பின் தன்கண் வைத்த பாரத்தை வரையறுக்கும் துலாம்' என்கிறார். முன்னே, பின் என்ற இரண்டு சொல்லையும் கவனியுங்கள். எடை வைப்பதற்கு முன் துலாம் சமனாக நிற்க வேண்டும். வைத்த பிறகு, கனமான பக்கம் அது சாய்ந்தே ஆக வேண்டும். சாயாத துலாம் பழுதான துலாம். ஒரு பக்கம் சான்று குவிந்து கிடக்கிறது, மறுபக்கம் வெறும் மறுப்பு. இரண்டுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கும் தொலைக்காட்சி விவாதம் நடுநிலையானது இல்லை. சாய்வையே குற்றமாகப் பெயரிட்டால், சான்றின் பக்கம் சாய்ந்து எழுதிய நேர்மையான செய்தியாளரும் குற்றவாளியாகிவிடுவார்.

குறள் சாய்வைக் கண்டிக்கவில்லை, கோடுதலைத்தான் கண்டிக்கிறது. கோடுதல் என்றால் வளைதல். அடுத்த குறளிலேயே நமக்கு வேண்டிய சொல் ஆயத்தமாக நிற்கிறது: 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.' சொல்லில் இருப்பது சொற்கோட்டம், மனத்தில் இருப்பது உட்கோட்டம். நூல் பிரிக்க விரும்புவதை வள்ளுவர் ஏழு சீரில் பிரித்துவிட்டார். பொதுச்சொல் கோட்டம்.

கோடு என்ற வேரிலிருந்துதான் கோணல், கோணம். மரக்கிளை கோடு, யானைத் தந்தம் கோடு, சங்கும் கோடு, எல்லாம் வளைந்தவை. கொடு என்று குறுகினால் கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். கொடுமை என்ற சொல்லே வளைவிலிருந்து பிறந்தது. செம்மை நேர், கொடுமை வளைவு. செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பிரிப்பும் இதே அடிப்படைதான். கூன், குனிதல், குடம், குடை, கூடு என்று இது இன்னும் போகும். தனி மடலில் எழுதுகிறேன்.

நி. எழுதியது:

ஐயா, 'செய்திக் கோட்டம்' என்று தலைப்பு வைத்தால் அது ஏதோ அரசு அலுவலகம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கோட்டாட்சியர், வருவாய்க் கோட்டம், வள்ளுவர் கோட்டம். குறளில் வளைவாக இருந்த சொல் இன்று எல்லையும் கட்டடமும் ஆகிவிட்டது. நன்னூலே சொல்கிறதே: 'எப்பொருள் எச்சொலின் எவ்வா றுயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.' வழக்குத்தான் அளவுகோல்.

வ.சே. எழுதியது:

'உயர்ந்தோர்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள்.

யா. எழுதியது:

வணக்கம். ஈழத்து வழக்கில் இதற்குப் பக்கச்சார்பு என்ற சொல்லைத்தான் பாவிக்கிறோம். பக்கச்சார்பான செய்தி, பக்கச்சார்பற்ற விசாரணை. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 'பக்க' என்று முன்னால் நிற்பதால் கணக்குச் சார்போடு குழம்பாது. சாகும்வரை ஒரு பக்கத்தில் நிற்கிறார் என்ற பொருளும் அதில் வராது. இந்தச் செய்தியில், இந்த இடத்தில் என்று சுட்ட முடியும்.

ம. எழுதியது:

ஔவையாரை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! ஆத்திசூடி முடிவதே 'ஓரஞ் சொல்லேல்' என்றுதான். வழக்கில் ஒரு பக்கமாகப் பேசாதே என்று பொருள். நல்வழியில் இன்னும் கடுமை: மன்றத்தில் ஓரம் சொன்னவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி குடிவருவாள் என்று பாடிவிட்டு 'மன்றோரம் சொன்னார் மனை' என்று முடிக்கிறார். அன்று வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது மன்றம். இன்று அந்த இடத்தில் செய்தி நிற்கிறது. மன்றோரம் போலச் செய்தியோரம். ஓரவஞ்சனை என்று பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். செத்த சொல்லைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பக்கச்சார்பில் இருக்கும் பக்கம் வடமொழிப் 'பக்ஷ'த்தின் திரிபு. வேண்டாம்.

வ.சே. எழுதியது:

பக்கம் தமிழே. பகு, பகுதி, பக்கம். வடசொல்லாகவே இருந்தாலும் 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ' என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். என் மறுப்பு அதற்கில்லை. பக்கச்சார்பு என்றால் இரண்டே பக்கம் இருப்பதாகத் தோன்றிவிடும். ஒரு செய்தியில் ஐந்து பக்கம் இருக்கலாம். ஒரு பக்கமும் சாராமல், பரபரப்புக்காகவே வளைத்திருக்கலாம். கோட்டத்துக்கு அந்தக் குறை இல்லை.

ஓரம் அழகான சொல். ஆனால் 'செய்தியோரம்' என்றால் செய்திக்குப் பக்கத்தில் போடும் பெட்டிச் செய்தி என்று எண்ணுவார்கள்.

கு. எழுதியது:

செய்தி மேசையில் பல காலம் துணையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பொதுச்சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறோம். மாணவருக்கு அதைவிடத் தேவை, தமிழ்ச் செய்தியில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் சொற்கள். மொழிபெயர்ப்பு நூலில் அவை இருக்கவே இருக்காது.

முதலில் விகுதி. 'திருட முயன்ற வாலிபன் சிக்கினான்' என்று எழுதுகிறோம். அதே நாளில், அதே பக்கத்தில், 'நிதி மோசடி வழக்கில் தொழிலதிபர் கைது செய்யப்பட்டார்' என்றும் எழுதுகிறோம். இருவர் மீதும் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஒருவருக்கு ஆன் விகுதி, இன்னொருவருக்கு ஆர் விகுதி. தீர்ப்பு வினைமுற்றிலேயே வந்துவிட்டது. இப்படி மரியாதையைப் பறிக்க ஆங்கிலத்தில் விகுதியே கிடையாது, அதனால் அங்கே எழுதிய பாடநூல் இதைச் சொல்லவும் சொல்லாது. விகுதிச் சார்பு, விகுதிக் கோட்டம், எதையாவது வையுங்கள். பாடத்தில் இது இருக்க வேண்டும்.

அடுத்து வினைமுதல், அதாவது செயலைச் செய்தவர். 'மோதலில் மூவர் பலி', 'துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி', 'காவலர்கள் சுட்டதில் மூவர் பலி.' நிகழ்ச்சி ஒன்றுதான். முதலாவதில் சுட்டதே தெரியாது. இரண்டாவதில் துப்பாக்கி தெரிகிறது, பிடித்த கை தெரியவில்லை. 'குடிசைகள் அகற்றப்பட்டன', 'மரங்கள் விழுந்தன' என்று நாள்தோறும் இப்படி எழுதுகிறோம். தலைப்புக்கு இடம் இல்லை என்பது உண்மையான காரணம்தான். ஆனால் இடம் போதாதபோது ஒவ்வொரு முறையும் யார் பெயர் வெட்டுப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, 'என்றார்' இருக்க வேண்டிய இடத்தில் வரும் வினைகள். 'என விளக்கினார்' என்றால் அவரிடம் விளக்கம் இருந்தது. 'எனச் சமாளித்தார்' என்றால் இல்லை. 'என ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றம் இருந்தது. பேசியவர் சொன்னது ஒரே வாக்கியமாக இருக்கும்.

நான்காவது, 'எனக் கூறப்படுகிறது.' யார் கூறினார்கள்?

வ.சே. எழுதியது:

கு. சொல்வது பொன். இரண்டாவதற்குத் தொல்காப்பியத்திலேயே நூற்பா இருக்கிறது: 'செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே.' உரைகாரர் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று.' திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகியவள் வாக்கியத்தில் இல்லை. 'மரங்கள் விழுந்தன' அதே அமைப்பு. தொல்காப்பியர் இதை வழக்கு என்று ஏற்றுக்கொள்கிறார். திண்ணைக்கு அது சரி. மூன்று பேர் இறந்த செய்திக்குச் சரியில்லை. இதற்கு 'வினைமுதல் மறைப்பு' என்று பெயர் வைக்கலாம்.

'கூறப்படுகிறது' பற்றி: நம் இலக்கண நூல்களும் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று பிறர்மேல் ஏற்றித்தான் பேசுகின்றன. ஆனால் அங்கே 'புலவர்' என்று ஓர் எழுவாய் இருக்கிறது.

ம. எழுதியது:

எழுவாய் மறைப்பு என்றால் என்ன குறை? பிள்ளைகளுக்கு எழுவாய் தெரியும், வினைமுதல் தெரியாது.

வ.சே. எழுதியது:

'மரங்கள் விழுந்தன' என்பதில் எழுவாய் மறையவில்லை. மரங்கள் எழுவாயாக நிற்கிறது. மறைந்தது வெட்டியவர். வினைமுதல்தான் சரி.

நி. எழுதியது:

தே. அம்மா வாயிற்காப்பு என்று போட்டிருப்பது சரியா? வாயில்காப்பாளர் என்றால் கதவைத் திறப்பவர் என்றல்லவா தோன்றும்?

கு. எழுதியது:

சரிதான். டேவிட் மேனிங் ஒயிட் 1950-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நாளிதழின் செய்தி ஆசிரியர், தந்தியில் வந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளிவிட்டார். தள்ளியதற்கு அவர் தாளில் எழுதிய காரணங்களில் பல அவருடைய சொந்த விருப்பு வெறுப்பு. திறப்பதைவிட அடைப்பதுதான் அவர் வேலை. ஔவையார் புறநானூற்றில் 'வாயிலோயே வாயிலோயே' என்று அழைத்தது பரிசில் கிடைக்காமல் வாயிலில் காத்து நின்றபோதுதான்.

ம. எழுதியது:

அந்த ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் ஒருவரல்லர். குழுவில் இதைத் தனியாகப் பேச வேண்டும்.

தே. எழுதியது:

தனியாகவே பேசுங்கள், தயவுசெய்து. நாளை மறுநாள் வெள்ளி.

கு. சொன்ன நான்கையும் தமிழ் எடுத்துக்காட்டுகளாகச் சேர்க்க நூல் குழு ஒப்புக்கொண்டது. விகுதிப் பகுதியைத்தான் முதலில் வைக்கிறேன்.

வ.சே. ஐயா காட்டிய உட்கோட்டம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நூலின் கடைசிப் பகுதி 1985-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறது. வலோன், ராஸ், லெப்பர் மூவரும் 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் செய்தி தங்களுக்கு எதிராக இருக்கிறது என்றார்கள். செய்தியில் குறை காணப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், தனக்குப் பிடிக்காத செய்தி எல்லாம் வளைந்த செய்தி என்று முடிவு கட்டும் பிள்ளையைத்தான் உருவாக்குவோம். அதனால் செய்தியில் இருப்பதற்கும் வாசிப்பவரிடம் இருப்பதற்கும் வேறு வேறு சொல் வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன்.

வகுப்பில் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். பக்கச்சார்பு உடனே புரிந்தது. உட்கோட்டத்தை 'உள்கோட்டம்' என்று பிரித்துச் சொன்ன பிறகு ஒரு மாணவி 'கோணல் மாதிரியா மிஸ்?' என்றாள்.

யா. எழுதியது:

அப்படியென்றால் செய்திக்குப் பக்கச்சார்பு, வாசகருக்கு உட்கோட்டம் என்று வைக்கலாமே.

நி. எழுதியது:

எனக்கு ஒப்புதல். சார்பை விட்டுக்கொடுக்கிறேன்.

கு. எழுதியது:

எனக்கும் சரி.

ம. எழுதியது:

ஓரம் அருஞ்சொல் பட்டியலிலாவது ஒரு வரி இடம் பெற வேண்டும். அதோடு ஒத்துக்கொள்கிறேன்.

வ.சே. எழுதியது:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. உட்கோட்டம் இருந்தால் அதன் இணை சொற்கோட்டம். வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் கட்டியதற்குக் காரணம், ஒன்றிலிருந்துதான் மற்றது பிறக்கிறது என்பது. ஒரு காலை வள்ளுவரிடமும் மறுகாலைத் தெரு வழக்கிலும் வைத்தால் அந்த உறவு மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். எழுதுகிறவர் மனத்தில் இருப்பதற்கு எந்தச் சொல் என்றும் நீங்கள் யாரும் சொல்லவில்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

தே. எழுதியது:

எழுதுகிறவருக்கும் உட்கோட்டம்தான் ஐயா. சொற்கோட்டத்தைக் குறளோடு பெட்டியில் தருகிறேன். தலைப்பு பக்கச்சார்பு. இன்று இரவு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

யா. எழுதியது:

தே. அக்கா, நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் மூன்றாம் வரியில் 'பக்கசார்பு' என்று வந்திருக்கிறது. மகரம் கெட்டு வல்லினம் மிகும். 'ச்' கட்டாயம் வேண்டும். அச்சுக்குப் போக முன்னம் திருத்திவிடுங்கோ.