ரைஸ் ஏரியில் சின்ன வள்ளம், பெரிய படகு: அலையில் மூழ்கப் பார்த்தோம், என்ன செய்யலாம்?

கேள்வி: தூண்டில்காரன் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ரைஸ் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 12 அடி அலுமினியப் படகு, 9.9 குதிரைவலு இயந்திரம். பதினொரு வருடங்களாக மே மாதம் முதல் ஒக்டோபர் வரை வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஏரியில் இருப்பேன். அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் வள்ளம் வைத்திருந்தவர். இங்கே குளிரிலும் தொழிற்சாலையிலும் கழிகிற வாழ்க்கையில், தண்ணீரில் இருக்கிற அந்த ஆறு மணி நேரம்தான் எனக்கு ஊர்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. ஒன்பது வயது மகனும் நானும் விடியற்காலையில் ஏரிக்கரை ஊரான ஹார்வூட்டில் படகை இறக்கினோம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற பழைய ரயில் மேட்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1854இல் கோபோர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ஏரிக்குக் குறுக்கே போட்ட பாதை அது. பனிக்கட்டி தள்ளித் தள்ளியே சில வருடங்களில் அழிந்துபோனது. இப்போது அந்தக் கற்குவியல்தான் மீனுக்கு வீடு. கல்லும் பாசியும் சேர்கிற விளிம்பில் புளூகில் கூட்டமாக நிற்கும். படகுகள் கடந்து போக மிதவை போட்டு அடையாளம் வைத்த ஓர் இடைவெளி அந்த மேட்டில் இருக்கிறது. அதிலிருந்து அதிகத் தூரம் போகாமல் நங்கூரம் போட்டிருந்தேன்.

பத்து மணிக்குள் வாளியில் பதினேழு மீன். மகன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். அப்போது பின்னால் பெரிய படகு ஒன்று வந்தது. அலையில் சறுக்கி விளையாடுவதற்கென்றே செய்த வகை, தண்ணீரை உள்ளே நிரப்பிப் பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டு ஓடுமே, அது. நான் எழுந்து இரண்டு கைகளையும் வீசினேன். அவர்கள் எங்களிடமிருந்து நாற்பது மீற்றர் தூரத்தில் கடந்து போனார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி சிரித்தபடி எங்களுக்குக் கைகாட்டியது. நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டது.

முதல் அலை படகைத் தூக்கியது. இரண்டாவது அலை இயந்திரம் இருக்கிற பக்கமாக ஏறி உள்ளே வந்தது. மூன்றாவது வந்தபோது தண்ணீர் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. வாளி கவிழ்ந்து, பிடித்த மீன்களெல்லாம் மகனுடைய கால்களைச் சுற்றிப் படகுக்குள்ளேயே நீந்தின. உயிர்காப்பு மேலங்கி போட்டிருந்தான். அதை நினைத்துத்தான் இன்றுவரை மூச்சு விடுகிறேன். இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். வழி முழுக்க அவன் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் கேட்டான், "அப்பா, அவர்களுக்கு நாங்கள் தெரியவில்லையா?"

அதற்குப் பிறகு அவன் படகில் ஏற மறுக்கிறான். என் கேள்விகள் இவை. மீன் பிடிக்கிற படகுக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதுதானே? எவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும்? இதை யாரிடம் முறையிடுவது? ஊரில் அடுத்தவன் வலைக்குக் கிட்ட வந்தால் அப்பா இயந்திரத்தை நிறுத்தித் தூக்கி வைத்துவிட்டு, தடியால் தாங்கித்தான் கடப்பார். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல அது. இங்கே ஏன் அப்படி ஒன்று இல்லை?

பதில்: மயிலிட்டியான்

தம்பி, பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிய காரியம். மற்றக் கதைக்கு முன் ஒன்று கேட்கிறேன். நங்கூரக் கயிற்றை எங்கே கட்டியிருந்தீர்கள்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடையாரில், அதாவது படகின் பின்பக்கத்தில்தான் கட்டியிருக்கிறீர்கள். இல்லையென்றால் அலை அந்தப் பக்கமாக ஏறியிருக்காது.

இயந்திரம் மாட்டுகிற இடம்தான் படகில் மிகத் தாழ்ந்த இடம். பாரமும் அங்கேதான். அங்கே நங்கூரத்தையும் கட்டினால் அலை வரும்போது அந்தப் பக்கம் மேலே எழ முடியாது. கயிறு கீழே இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் நேராக உள்ளே வரும். எப்போதும் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் கட்டுங்கள். கயிற்றைத் தாராளமாக விடுங்கள், ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும். அப்படியென்றால் படகு தானாகவே மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அலை வந்தால் வேகத்தைக் குறைத்துச் சற்றுச் சாய்வாக அணியத்தைக் கொடுங்கள். பக்கவாட்டில் வாங்கக் கூடாது. எழுந்து நிற்கவே கூடாது. கை வீசுவதென்றாலும் உட்கார்ந்துகொண்டு வீசுங்கள். நான் நாற்பது வருடம் கடலில் இருந்தவன். கடலின் அலை வருவதைக் காற்றை வைத்தே சொல்லிவிடலாம். இந்த ஏரி அலைக்கு முன்னறிவிப்பு இல்லை. காற்றே இல்லாத காலையில், தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும்போது வந்து அடிக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

பதில்: கவார்த்தா வீட்டுக்காரன்

நான் மற்றப் பக்கத்து ஆள். 21 அடிப் படகு, 200 குதிரைவலு. உங்கள் பதிவை என் மகள்களுக்கும் வாசித்துக் காட்டினேன். கைகாட்டிய அந்தச் சிறுமி எங்கள் வீட்டிலும் இருக்கிறாள்.

சட்டத்தை முதலில் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மோதல் தடுப்பு விதிகளில் "மீன்பிடியில் ஈடுபட்ட கலம்" என்பது வலை போன்றவற்றால் விருப்பம்போலத் திரும்ப முடியாமல் இருக்கிற கலத்தைத்தான் குறிக்கிறது. தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முன்னுரிமை கிடையாது. ஒடுங்கிய கால்வாயில், கடந்து போகிற கலத்துக்கு மீன் பிடிக்கிறவர் தடையாக இருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. நீங்கள் கிட்ட நின்ற அந்த இடைவெளி அப்படிப்பட்ட இடம். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் இருந்தது நடு ஏரி.

அதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிடாது. மற்றவர்களைக் கருத்தில் கொள்ளாமல் கவனக்குறைவாகப் படகு ஓட்டுவது குற்றம் என்று சிறு கலங்களுக்கான ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது. மாகாணப் பொலிஸாரின் நீர்ப்பிரிவிடம் சொல்லலாம். படகின் பக்கத்தில் எழுதியிருக்கிற பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டால்தான் அவர்களால் ஏதாவது செய்ய முடியும்.

இப்போது ஓட்டுகிறவன் இருக்கையிலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். படகு வேகம் எடுக்கும்போது மூக்கு மேலே எழும். அந்தச் சில விநாடிகள் முன்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. சாம்பல் நிற அலுமினியப் படகு, சாம்பல் நிறத் தண்ணீர், எதிரே வெயில் என்றால் அதற்குப் பிறகும் தெரியாது. உயரமான கம்பில் கொடி கட்டுங்கள். விடியுமுன் வெள்ளை விளக்கைக் கட்டாயம் போடுங்கள்.

இன்னொன்றை நானே பல வருடம் தெரியாமல் பிழையாகச் செய்திருக்கிறேன். சின்னப் படகைக் கண்டதும் மரியாதைக்காக வேகத்தைப் பாதியாகக் குறைப்போம். அந்தப் பாதி வேகத்தில்தான் மிகப் பெரிய அலை எழும். பின்பக்கம் தாழ்ந்து, படகு தண்ணீரை உழுதுகொண்டு போகும். முழு வேகத்தில் தூரமாக விலகிப் போனால் அலை அதைவிடச் சிறியது. கிட்டப் போகத்தான் வேண்டுமென்றால், வெகு தூரத்திலேயே வேகத்தை முற்றாகக் குறைத்து ஊர்ந்து போக வேண்டும். நடுவில் இருக்கிற வேகம்தான் உங்களை மூழ்கடிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஏரியில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

பதில்: நீர்க்கரை

அண்ணா, நான் இன்னோர் ஏரியில் குடியிருப்போர் சங்கத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். அலை விளையாட்டுப் படகுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவை சாதாரணப் படகுகளின் கணக்கில் அடங்காதவை.

மினசோட்டாப் பல்கலைக்கழகம் 2022இல் இந்த அலைகளை அளந்தது. சாதாரணப் படகின் அலை 200 அடித் தூரத்தில் அடங்குகிற அளவுக்கு, இவற்றின் அலை அடங்க 500 அடிக்கு மேல் வேண்டும் என்று கண்டார்கள். 500 அடி என்றால் ஏறக்குறைய 150 மீற்றர். உங்களைக் கடந்தது நாற்பதில். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலம் 2024இல் விதியே கொண்டுவந்துவிட்டது: இந்த விளையாட்டுக்குக் கரையிலிருந்து 500 அடி விலகியிருக்க வேண்டும், 20 அடி ஆழம் இருக்க வேண்டும், தொடர்ச்சியாக 50 ஏக்கர் நீர்ப்பரப்பு இருக்க வேண்டும். ரைஸ் ஏரி எவ்வளவு ஆழமில்லாதது என்பது உங்களுக்கே தெரியும்.

மீன் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை அல்ல இது. பாஸ் மீனின் ஆண்தான் முட்டைக் குழியைக் காவல் காக்கும். கலைந்து அது ஓடினால் சின்ன மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். லூன் பறவைக்குக் கால்கள் உடலின் பின்னோரத்தில் இருப்பதால் தரையில் நடக்க வராது, தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டும். ஒரு நல்ல அலை போதும், முட்டை போய்விடும். ஏரிக்குப் பெயர் கொடுத்த காட்டரிசி இருக்கிறதே, கோடையின் தொடக்கத்தில் அதன் இலை நீர்ப்பரப்பில் படுத்து மிதக்கும். அந்த நிலையில் அலை அடித்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதில் பெரும்பகுதி முன்பே அழிந்துவிட்டது. ஹியாவத்தா, ஆல்டர்வில் முதற்குடி மக்களுக்கு அது உணவு மட்டுமல்ல.

கனடாவில் நகரசபை நினைத்தவுடன் ஏரிக்கு வேக எல்லை வைக்க முடியாது. படகோட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. நகரசபை விண்ணப்பிக்க வேண்டும், ஏரியைப் பயன்படுத்துகிற எல்லோரையும் கேட்க வேண்டும், அறிவித்தல் பலகை போன்ற மற்ற வழிகளைச் செய்து பார்த்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் என் ஆதங்கம். அந்தக் கூட்டங்களுக்கு ஏரிக்கரையில் வீடு உள்ளவர்கள்தான் வருகிறார்கள். ஸ்காபரோவிலிருந்தும் பிரம்டனிலிருந்தும் விடியற்காலையில் வண்டி ஓட்டி வருகிற உங்களைப் போன்றவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. பதிவு எண்ணோடு, தேதியோடு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்.

பதில்: வழிப்போக்கன்

நான் இந்தச் சண்டையே வேண்டாம் என்று அல்கொன்குவின் பூங்காவுக்கு மாறிவிட்டேன். அங்கே பல ஏரிகளில் இயந்திரத்துக்கே அனுமதி இல்லை. துடுப்புப் போட்டுக்கொண்டு போனால் நிம்மதி.

பதில்: தூண்டில்காரன்

எல்லோருக்கும் நன்றி. மயிலிட்டி ஐயா, நீங்கள் சொன்னது சரி. கடையாரில்தான் கட்டியிருந்தேன். பின்னால் உட்கார்ந்தபடியே இழுக்க வசதியாக இருக்கிறது என்று பதினொரு வருடமும் அப்படித்தான் கட்டினேன். அப்பா பார்த்திருந்தால் அறைந்திருப்பார். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் மனம் இலேசாகிறது, அதற்குள் என் பிழையும் இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி இல்லை.

வழிப்போக்கன், உங்களுக்குக் கிடைத்த நிம்மதி எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் ரைஸ் ஏரியை விட்டுப் போக மாட்டேன். பூங்காவுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுவதும் வேண்டும், இரவு வேலை முடிந்து வருகிறவனுக்கு அது முடியாது. இந்த ஏரி என்னுடையதும்தான்.

கடந்த மூன்று வாரமும் போனேன். நங்கூரம் அணியத்தில். அந்த இடைவெளியிலிருந்து நன்றாக விலகி, மேட்டின் மேற்குப் பக்கத்தில் நிற்கிறேன். மீன் சற்றுக் குறைவு, பரவாயில்லை. மனைவி பழைய செம்மஞ்சள் சேலையை வெட்டிக் கொடி தைத்துத் தந்தாள், இரண்டு மீற்றர்க் கம்பில் கட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் சொன்ன கணக்கைக் கவனித்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. முழு வேகத்தில் தூரமாகப் போன மீன்பிடிப் படகின் அலையில் என் தேநீர்கூடச் சிந்தவில்லை. என்னைக் கண்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அன்பாகத் தலையாட்டிவிட்டுப் போன ஒரு பெரியவருடைய அலைதான் அணியத்தைத் தூக்கி அடித்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடுத்த தடவை அவரை இறங்குதுறையில் கண்டால் நின்று பேசப்போகிறேன்.

மகன் முதல் இரண்டு வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் துறை வரைக்கும் வந்து, மேடையிலிருந்தே தூண்டில் போட்டான். நான் திரும்பி வந்தபோது அணியத்தில் கட்டிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னான். காட்டினேன். பிறகு தானே போட்டான், இரண்டு தடவை. கரையோரத்தில், பத்து நிமிடம், அணியத்தில் உட்கார்ந்து வந்தான். தூரத்தில் எந்தப் படகு தெரிந்தாலும் எனக்கு முன் அவன் சொல்லிவிட்டான்.

நீர்க்கரை தங்கச்சி, எங்கள் ஏரியில் அப்படிக் கூட்டம் எப்போது, வீடு இல்லாதவர்கள் பேசலாமா என்பதை எப்படி விசாரிப்பது என்று எழுதுங்கள். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். பதிவு எண் மட்டும் என்னிடம் இல்லை. அன்று இறைக்கவே கை போதவில்லை.

வருகிற சனிக்கிழமை ஹார்வூட் பக்கம் வருகிறவர்கள் செம்மஞ்சள் கொடியைக் கண்டால் வந்து பேசுங்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.