கடன் நெருக்கும் நேரத்தில் ‘இடரினும் தளரினும்’ பதிகம்: நாள் தவறினால், கோபம் வந்தால்?

கேள்வி: காவிரிக்கரை

திருச்சிற்றம்பலம். வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆளுக்கு வேலை போய்விட்டது. நகைக்கடன் வட்டியும் பள்ளிக் கட்டணமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. சம்பந்தரின் ‘இடரினும் தளரினும்’ என்ற திருவாவடுதுறைப் பதிகத்தை 48 நாள் விடாமல் ஓதச் சொல்கிறார்கள். நடுவில் தீட்டோ வெளியூர்ப் பயணமோ வந்து நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்தா? பண் தெரியாமல் வெறுமனே படிக்கலாமா? இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விளக்கேற்றி உட்கார்ந்தால் பக்தி வரவில்லை, சாமி மேல் ஆத்திரம்தான் வருகிறது. அப்படி ஓதினால் குற்றமா? தனியாக ஒரு பரிகாரம் செய்தால்தான் பதிகம் பலிக்கும் என்று ஒருவர் பெரிய தொகை வேறு கேட்கிறார்.

பதில்: பொன்னித்துறை ஓதுவோன்

அம்மா, கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஓதப்போகும் பதிகமே கோபத்தோடு கேட்ட பதிகம்தான். மூன்றாம் திருமுறையில் நான்காவது பதிகம் அது. தந்தை சிவபாத இருதயர் வேள்வி செய்யப் பொருள் கேட்கிறார், சம்பந்தர் கையில் ஒன்றுமில்லை. நேரே திருவாவடுதுறை இறைவனிடம் போய் நிற்கிறார். ‘இதுவோ எமை ஆளுமாறு? ஈவதொன்று எமக்கு இல்லையேல், அதுவோ உனது இன்னருள்?’ எங்களை ஆளுகிற லட்சணம் இதுதானா, கொடுக்க ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பேர்தான் அருளா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். ஒருமுறை அல்ல, பத்துப் பாட்டிலும் இதே கேள்வி. பெரிய புராணக் கணக்கில் இதற்குப் பிறகுதான் ஆயிரம் பொன் கொண்ட கிழியைப் பூதம் பலிபீடத்தில் வைக்கிறது.

ஆனால் கேள்விக்கு முன்னால் இருக்கும் அடிகளையும் பாருங்கள். இடர் வந்தாலும், தளர்ந்தாலும், நோய் தொடர்ந்தாலும் உன் கழல் தொழுது எழுவேன் என்கிறார். அடுத்த பாட்டில் வாழ்ந்தாலும் செத்தாலும் விடமாட்டேன். ஒன்பதாம் பாட்டில் உண்டாலும் பசித்தாலும் உறங்கினாலும். பிடியையும் விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. ஆத்திரத்தை அடக்கிவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று நினைத்தால் நீங்கள் உட்காரவே மாட்டீர்கள். அதோடு உட்காருங்கள்.

இன்னும் காட்டமாக வேண்டுமென்றால் சுந்தரரின் ‘மீளா அடிமை’ இருக்கிறது (ஏழாம் திருமுறை, 95). கண் பார்வை போன நிலையில் திருவாரூரில் நின்று பாடியது. அடியார் படும் பாட்டைச் சொன்னால் பேசாமல் இருப்பீராமே, நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று முடிகிறது பாட்டு. அதைத் திருமுறையிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை.

பரிகாரத் தொகை பற்றி ஒரே வரி: கொடுக்காதீர்கள். பதிகத்தின் கடைசிப் பாட்டான கடைக்காப்பைப் படியுங்கள். இந்தத் தமிழ்மாலையில் வல்லவர்க்கு வினை நீங்கும், விண்ணுலகம் நிலைக்கும் என்றுதான் சம்பந்தர் பலன் சொல்கிறார். 48 நாளில் கடன் அடையும் என்றோ, ஓமம் செய்தால்தான் பலிக்கும் என்றோ அதில் இல்லை. கடன் வாங்கிக் கடன் தீர்க்கும் பரிகாரம் எங்கேயும் கிடையாது.

பதில்: பண்ணிசை மாணவி

பண் பற்றி நான் சொல்கிறேன். இதன் பண் காந்தார பஞ்சமம், இன்றைய கேதாரகௌளை ராகம். தருமபுரம் சுவாமிநாதன் ஐயா பாடிய பதிவைக் கேட்டுக் கூடவே முணுமுணுத்தால் மெட்டு தானாக வந்துவிடும். வராவிட்டாலும் குறையில்லை. நிதானமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிகிற பதிகம்.

புதிதாக ஓதுபவர்கள் தடுக்கி விழுவது சொற்கள் ஒன்றோடொன்று சேரும் புணர்ச்சியில். ‘யாளுமா றீவதொன் றெமக்கில்லையேல்’ என்று சேர்த்து அச்சிட்ட புத்தகத்தில் தொடங்கினால் பொருளும் புரியாது, மூச்சும் தவறான இடத்தில் விடுவோம். பதம் பிரித்த பதிப்பில் பொருள் பிடித்துக்கொண்டு, பிறகு சேர்த்துப் பாடுங்கள்.

மனப்பாடம் எளிது. இது ‘நாலடிமேல்வைப்பு’ என்ற அமைப்பு. நான்கு அடி மாறும், அதன்மேல் வைத்த இரண்டு அடி பத்துப் பாட்டுக்கும் ஒன்றே. முதல் நாள் அந்த இரண்டு அடியை மட்டும் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தினம் இரண்டு பாட்டு, ஏழாம் நாள் கடைக்காப்பு. அதில் மட்டும் மேல்வைப்பு வேறு, மறந்து பழையதையே பாடிவிட வேண்டாம். சிக்கல் ஓரிடத்தில் உண்டு: நான்கு, ஏழு, பத்து மூன்றிலும் ‘அரற்றாது என் நா’, ஐந்திலும் எட்டிலும் ‘சிந்தை செய்யேன்’. அதனால் நான்கு முடிந்ததும் நாக்கு எட்டுக்குத் தாவும். ஒவ்வொரு பாட்டின் முதல் சொல்லையும் (தும்மலொடு, கையது, வெந்துயர், வெப்பொடு, பேரிடர்…) ஒரு துண்டுத்தாளில் எழுதி விளக்கருகே வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘திருச்சிற்றம்பலம்’. நேரமே இல்லாத நாளில் முதல் பாட்டும் கடைக்காப்பும்.

பதில்: மிழலைக் காசு

48 நாள் கணக்கு இந்தப் பதிகத்தில் எங்கும் இல்லை, மண்டலம் கோயில் வழக்கத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. அதற்காக அதை எள்ளி ஒதுக்கவும் வேண்டாம், ஒரு கணக்கு இருந்தால்தான் பலருக்குக் கால் நிற்கும். தவறிய நாளை விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள், கடைசியில் அந்த ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து தொடங்கு என்ற விதியை வைத்துக்கொண்டவர்களில் பலர் இரண்டாம் முறை அறுபட்டதும் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். தீட்டு நாளில் வாய்விட்டு ஓத மனம் ஒப்பவில்லையா, மனத்துக்குள் சொல்லுங்கள். மூன்றாம் பாட்டே நனவிலும் கனவிலும் மறவேன் என்கிறது. கனவில் யார் குளித்துவிட்டு ஓதுகிறார்கள்!

வாரத்துக்கொரு பதிகம் மாற்றுவது அடுத்த தவறு. காய்ச்சலுக்கு மந்திரமாவது நீறு, கோளுக்கு வேயுறு தோளி, பணத்துக்கு இடரினும் என்று மருந்துச்சீட்டு மாதிரி அடுக்கினால் ஒன்றும் மனத்தில் ஊறாது. ஒன்றைப் பிடியுங்கள். பத்து நிமிடமும் கிடைக்காத நாளுக்கு மட்டும் திருவீழிமிழலையின் ‘வாசி தீரவே’ (முதல் திருமுறை, 92). பாட்டுக்கு இரண்டே குறுகிய அடி. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு காசு கிடைத்தது. சம்பந்தர் காசுக்குக் கடையில் வட்டம் (வாசி என்னும் கழிவு) பிடித்தார்கள், மடத்தில் உலை வைக்க நேரமானது. அந்த வட்டம் நீங்கப் பாடியது. அப்பருக்கு முதலிலிருந்தே வாசியில்லாக் காசு, காரணம் அவர் செய்த கைத்தொண்டு என்கிறது பெரிய புராணம். இரண்டு காசும் போனது அடியார் சோற்றுக்கு. உங்களிடம் பணமில்லாத இப்போதும் பக்கத்துக் கோயிலில் வாரம் ஒரு மணி நேரம் பிராகாரம் கூட்டலாம், புல் செதுக்கலாம். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவரையும் கூட்டிப்போங்கள், அவருக்குத்தான் அது அதிகம் தேவை.

ஓதி முடித்த கையோடு ஒரு நோட்டை எடுத்து யாருக்கு எவ்வளவு, வட்டி எத்தனை, கெடு எப்போது என்று எழுதுங்கள். நகைக்கடனில் கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும். கெடுவுக்கு முன்பே கிளைக்குப் போய், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க வழி உண்டா என்று கேளுங்கள். பள்ளியிலும் தவணை கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

காவிரிக்கரை

நன்றி. அவரை உட்காரச் சொன்னால் எரிந்து விழுகிறார். இரவில் தூக்கமும் இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

பொன்னித்துறை ஓதுவோன்

வேண்டாம். நீங்கள் அவர் காதில் விழும்படி ஓதுங்கள், அவ்வளவுதான். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டாலோ, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ பதிகத்தோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். 14416 அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். சூலை நோயில் துடித்துத் திருவதிகைக்கு வந்த அப்பரை அக்கா திலகவதியார் கோயிலுக்குக் கையோடு கூட்டிப் போனார், தனியே விட்டுவிடவில்லை.