புதுப்பிப்பு: பிட்ஜின் இணைந்துவிட்டது

மஞ்சக்குப்பம் ஆபீசில் ப்ராக்ஸி (நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) வழியாக பிரவுசர் ஓடுகிறது, சாட் மென்பொருளான பிட்ஜின் மட்டும் இணையாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, தீர்ந்தது.

பிட்ஜினில் ப்ராக்ஸியின் முகவரி, 3128 போர்ட் (இணைப்பு வாசல் எண்) எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். சிக்கல் ப்ராக்ஸியை ஓட்டும் ஸ்க்விட் மென்பொருள் பக்கம். அமைப்பை மாற்றாமல் விட்டால் அது கனெக்ட் கோரிக்கையை (வெளி சர்வருக்கு நேர்வழி திறக்கச் சொல்வது) 443 போர்ட்டுக்கு, அதாவது https தளங்களுக்கான போர்ட்டுக்கு மட்டுமே விடும். எங்கள் சாட் போகும் எக்ஸ்எம்பிபி நெறிமுறையோ 5222இல். ஸ்க்விட்டின் லாகை (பதிவுக் கோப்பை) திறந்தால் வரிசையாக 403, அதாவது அனுமதி மறுப்பு. முதல் நாளே பார்த்திருக்கலாம், நான்தான் பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றிக்கொண்டு கிடந்தேன்.

சர்வர் பார்க்கும் அண்ணன் ஸ்க்விட் அமைப்பில் அனுமதித்த போர்ட்டுகளைச் சொல்லும் எஸ்எஸ்எல்_போர்ட்ஸ் வரியில் 5222ஐச் சேர்த்தார். டீ ஆறுவதற்குள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்துவிட்டது.

பாண்டிச்சேரி கிளையில் ப்ராக்ஸியைத் தொட விடவில்லை. சரி என்று எங்கள் சாட் சர்வரையே 443இலும் ஓடவிட்டு, பிட்ஜின் கணக்கில் போர்ட்டை மாற்றினோம். ஃபைல் அனுப்புவதில் மட்டும் இன்னும் தகராறு.